தேக்கடி காட்டுக்குள் நடந்து போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் கம்பம். மலையேறினால் குமுளி வந்துவிடும். அதனாலேயே மதுரை, திருச்சி, சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் தேக்கடிக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் கீழே சேர்த்திருக்கிறேன். கட்டணம் மட்டும் எழுதவில்லை. அது மாறிக்கொண்டே இருக்கும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, தேக்கடின்னா போட்டிங்தானே? அதுக்கு மேல என்ன இருக்கு?

போட்டிங் இருக்கிறது, நன்றாகவும் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகம் மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். அதில் ஏரி சுமார் 26. படகில் போகிறவர் பார்ப்பது அந்த ஏரியின் கரையை மட்டும்தான். மிச்சக் காட்டுக்குள் போக வேண்டுமென்றால் நடக்க வேண்டும், அதுவும் வழிகாட்டியோடு.

மூன்று மணி நேரக் காட்டு நடை, ஒரு நாள் முழுக்க நடையும் மூங்கில் தெப்பமும், மாநில எல்லையோரமாக மலையேற்றம், இரவில் ரோந்து, கூடாரத்தில் தங்கும் புலித்தடப் பயணம் என்று பல வகை உண்டு. இதையெல்லாம் கூட வந்து நடத்துகிறவர்கள் அந்தக் காட்டோரத்து மக்கள். தேக்கடிக்கு வந்து படகோடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இந்தப் பக்கத்தை எழுதியதற்குக் காரணமே அதுதான்.

கம்யூனிட்டி நடத்துதுன்னு சொல்றாங்களே, அப்ப ஃபாரஸ்ட்காரங்க இல்லையா?

இரண்டு பேரும் உண்டு. காடு வனத்துறையின் பொறுப்பு. எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது மூடுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உங்களைக் கூட்டிப் போவது, தெப்பம் தள்ளுவது, கூடாரம் போடுவது, சமைப்பது எல்லாம் ஊர்க் குழுக்களின் வேலை. இவற்றுக்குச் சூழல் மேம்பாட்டுக் குழு என்று பெயர், குமுளியில் "இ.டி.சி." என்றால்தான் எல்லோருக்கும் புரியும். உலக வங்கி உதவியோடு 1996 முதல் 2004 வரை நடந்த ஒரு திட்டத்தில், பெரியாறைச் சுற்றி இப்படி 72 குழுக்கள் உருவாயின. திட்டம் முடிந்ததும் எல்லாம் படுத்துவிடக் கூடாது என்று 2004-ல் பெரியாறு ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்றும் நடக்கிறது.

குழுவில் இருப்பவர்கள் மன்னான், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், அப்புறம் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்கள். அந்தக் கதையைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எங்க போய்ப் பதிவு பண்றது? நேரா படகுத்துறைக்கே போயிடலாமா?

நடைகளுக்கான இடம் குமுளியில் அம்பாடி ஜங்ஷனில் இருக்கும் சூழல் சுற்றுலா மையம். அங்கே உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். எந்த நடையில் எவ்வளவு ஏற்றம், அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். குழுக்கள் சின்னவை என்பதால் சனி, ஞாயிறு, பண்டிகை நாள் என்றால் இணையத்தில் முன்னாடியே பதிவு செய்துவிடுவது நல்லது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சொந்தக் காரைப் படகுத்துறை வரை ஓட்டிப் போகலாம் என்று நினைத்து வராதீர்கள். ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும்.

மதுரையிலிருந்து எப்படி வர்றது?

தேனி, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலைப்பாதை, குமுளி. பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. லோயர் கேம்பைத் தாண்டி ஏறும்போது மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்ப்பீர்கள். பெரியாற்றுத் தண்ணீர் மின்சார நிலையத்துக்கு இறங்குவது அதில்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: கார்த்திகை, மார்கழியில் சபரிமலை கூட்டம் இருக்கும்போது வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். காலை எட்டு மணி நடைக்குப் பதிவு செய்திருந்தால் முந்தின இரவே குமுளியில் தங்கிவிடுங்கள்.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. காடு பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்து அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. மிருகங்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். காட்டு ஓடைகள் வற்றி எல்லாம் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும். ஆனால் அதுதான் காட்டுத்தீக் காலமும். நடைகளைத் திடீரென்று நிறுத்திவிடுவார்கள், அப்போது அவர்களோடு சண்டை போடாதீர்கள். ஜூன், ஜூலை மழையில் வந்தால் அட்டையோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த நடையை எடுக்கிறது? வீட்ல பெரியவங்க, பசங்க எல்லாம் இருக்காங்க.

குடும்பத்தோடு முதல்முறை என்றால் மூன்று மணி நேரக் காட்டு நடையே போதும். கூட வருகிறவர் பழங்குடி வழிகாட்டி. ஓடையை மூங்கில் மிதவையில் கடந்து அந்தக் கரையில் ஏறும்போதே ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். மெதுவாகத்தான் போவார்கள். முட்டி வலி உள்ளவர்களும் நின்று நின்று வரலாம். கைக்குழந்தை, பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகள் இருந்தால் மட்டும் ஒருவர் வெளியே இருந்துகொள்ளுங்கள். குழந்தை எப்போது அழும் என்று யாராலும் சொல்ல முடியாது, காட்டில் சத்தம் கூடாது.

நன்றாக நடக்க முடிந்தவர்களுக்கு என் முதல் சிபாரிசு மூங்கில் தெப்பம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்புவது. அதிகபட்சம் பத்துப் பேர்தான், கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் வருவார்கள். காட்டில் நடந்து, ஏரிக்கரையை அடைந்து, அங்கே கட்டிப்போட்டிருக்கும் தெப்பத்தில் ஏற வேண்டும். மோட்டார் இல்லை, துடுப்புதான். ஏரி நடுவில் கருத்துப்போன மரக்கட்டைகள் நட்டுவைத்த மாதிரி நிற்கும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அந்தக் கட்டைகளின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை எங்கள் தெப்பத்துக்கு இருபதடி தள்ளி நீர்நாய்க் கூட்டம் ஒன்று மீன் தின்றுகொண்டிருந்தது. மீன் முள்ளைக் கடிக்கும் நறநற சத்தம் தெளிவாகக் கேட்டது. மோட்டார் படகில் இருந்திருந்தால் அது காதில் விழுந்திருக்காது.

எல்லை மலையேற்றமும் ஒரு நாள் கணக்குதான். சுமார் 900 மீட்டர் உயரத்திலிருந்து 1300 வரை ஏறுவீர்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு கட்டம் கட்டமாக விரிந்து கிடக்கும். புலித்தடப் பயணம் ஒரு இரவு, அல்லது இரண்டு இரவு. ஐந்து விருந்தினர், ஐந்து வழிகாட்டிகள், ஆயுதத்தோடு ஒரு காவலர். செலவு அதிகம்தான். இதுவரை மலையில் நடந்தே பழகாதவர்கள் முதலில் இதை எடுக்காதீர்கள்.

ராத்திரி ரோந்துன்னு ஒண்ணு இருக்காமே, அது சும்மா த்ரில்லுக்கா?

இல்லை. காவலர்கள் உண்மையிலேயே ரோந்து போகும் நேரத்தில் நீங்கள் கூடப் போகிறீர்கள். ஏழு மணியிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து நான்கு என்று மூன்று வேளை. டார்ச் வெளிச்சத்தில் மின்னும் கண்களைத் தவிர அதிகமாக ஒன்றும் தெரியாது. காதும் மூக்கும்தான் வேலை செய்யும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள்.

புலி பார்க்கலாமா?

பார்க்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டே போங்கள். இது அடர்ந்த மழைக்காடு, புலி நம்மைப் பார்த்துவிடும், நாம் அதைப் பார்க்க முடியாது. மண்ணில் பதிந்த கால்தடம், மரத்தில் நகக்கீறல், இது கிடைத்தாலே அதிர்ஷ்டம். யானை, காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி, கருமந்தி, மலையணில் ஆகியவற்றைப் பார்க்க நல்ல வாய்ப்புண்டு. தலைக்கு மேலே புகைவண்டி மூச்சு விடுகிற மாதிரி உஸ் உஸ் என்று கேட்டால் அண்ணாந்து பாருங்கள், பெரிய இருவாச்சி பறந்துகொண்டிருக்கும்.

அட்டை கடிக்குமாமே, என் மனைவி அதுக்கே வரமாட்டேங்குறா.

கடிக்கும், மழைக்காலத்தில் கண்டிப்பாக. ஆனால் வலிக்காது, நோயும் வராது. கிளம்புமுன் முழங்கால் வரை வரும் துணி உறை தருவார்கள். அதைப் பேண்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டி, அதன் மேல் ஷூ போட வேண்டும். வழிகாட்டிகள் அதில் மூக்குப்பொடி தேய்த்துவிடுவார்கள், அட்டை ஏறாது. அப்படியும் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். உப்போ மூக்குப்பொடியோ வைத்தால் தானாக விழும். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் கசியும், அது அட்டை எச்சிலின் வேலை. தங்கச்சியிடம் சொல்லுங்கள், ஜனவரி முடிந்து வந்தால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

என்ன உடுத்தணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

பச்சை, காக்கி, பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை. சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். சென்ட் வேண்டாம். பிடிமானமுள்ள ஷூ, பாட்டிலில் தண்ணீர், மழைக்கோட்டு. பிளாஸ்டிக் கவர், நொறுக்குத்தீனிப் பொட்டலம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

யானை எதிரே வந்தா என்ன பண்றது?

வழிகாட்டி சொல்வதை மட்டும் செய்யுங்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருமுறை முன்னால் போனவர் சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டி விரலை மடக்கினார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை. அவர் ஒரு பிடி காய்ந்த மண்ணை எடுத்துத் தூவினார், காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க. பிறகு எங்களை வந்த வழியே பத்தடி பின்னால் நகர்த்தி, சுற்றி ஒரு மேட்டில் ஏற்றினார். அங்கிருந்து பார்த்தால், நாங்கள் போகவிருந்த வளைவில் மூங்கில் ஒடித்துக்கொண்டு குட்டியோடு யானை. அதற்கு நாங்கள் வந்ததே தெரியாது.

செல்ஃபிக்காக ஒரு அடி முன்னால் வைக்கிறவர்தான் மொத்தக் குழுவுக்கும் ஆபத்து. அப்படி யாராவது உங்கள் குழுவில் இருந்தால் தயங்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

மரம் வெட்டினவங்க, திருடினவங்கதான் கைடுன்னு கேள்விப்பட்டேன். அவங்களை நம்பிக் காட்டுக்குள்ள போறதா?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்வேன்: அவர்களைத்தான் நம்ப வேண்டும். காட்டில் வயணா என்று ஒரு மரம் உண்டு, இலவங்கப்பட்டை இனம். அதன் பட்டையை உரித்து மசாலாவுக்கு விற்பதுதான் அவர்கள் தொழிலாக இருந்தது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். நாள் கணக்கில் காட்டுக்குள் தங்கி உரித்து, தலைச்சுமையாக இறக்குவார்கள். மாட்டினால் வழக்கு, ஜெயில். பெரும் லாபம் வியாபாரிக்கு, வழக்கு மட்டும் இவர்களுக்கு. 1998-ல் அப்படி இருந்த 23 பேர் தொழிலை விட்டுவிட்டு வனத்துறையோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர் குழு என்றே அதற்குப் பெயர். செய்ததை மறைக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்டவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. புலித்தடப் பயணத்தை ஆரம்பித்து நடத்தியது இவர்கள்தான்.

எந்த ஓடையில் திருடன் தங்குவான், எந்தச் சரிவில் இறங்குவான் என்று இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. உங்களை நடத்திக்கொண்டு போவதே ஒரு ரோந்துதான். நீங்கள் கட்டும் பணத்திலிருந்துதான் இவர்களுக்குச் சம்பளம். ஒரு நடையில் எங்களோடு வந்த பெரியவர் ஒரு மரத்தடியில் நின்று இலை ஒன்றைப் பறித்துக் கசக்கி என் மூக்கருகே பிடித்தார். பிரியாணி வாசனை. "இதான் வயணா" என்றார். கேரளத்தில் அந்த இலையைக் கூம்பாகச் சுருட்டி, பலாப்பழமும் வெல்லமும் கலந்த மாவை வைத்துக் கும்பிளப்பம் அவிப்பார்கள். அடிமரத்தில் ஆளுயரத்துக்குப் பழைய வடு ஒன்று ஓரங்கள் தடித்துக் கிடந்தது. அதைக் கையால் தடவிவிட்டு மேலே நடந்தார். யார் உரித்தது என்று நான் கேட்கவில்லை.

கைடுக்கு மலையாளம் மட்டும்தான் தெரியுமா?

தமிழ் நன்றாகவே பேசுவார்கள். குமுளியே பாதித் தமிழ் ஊர். மன்னான் மக்களின் பேச்சும் தமிழுக்கு ரொம்ப நெருக்கம். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். இடுக்கி கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு ராஜமன்னான் என்று ஓர் அரசர் உண்டு. அவர்கள் ஆடும் மன்னான் கூத்தின் கதை என்ன தெரியுமா? கோவலனும் கண்ணகியும். எங்காவது அந்தக் கூத்து நடக்கிறது என்று தெரிந்தால் தவறவிடாதீர்கள்.

அப்ப மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் அதே டிக்கெட்ல போயிட்டு வந்துடலாமா?

முடியாது. கோயில் இருப்பது இதே காப்பகத்துக்குள், எல்லை மலை உச்சியில். வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களை விடுவார்கள். அன்றைக்குக் குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நடக்க முடிந்தவர்கள் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறலாம். மற்ற நாளில் "பின் வழியாக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது பேரம் பேசினால் ஒதுங்கிவிடுங்கள். அது குற்றம், வழக்கு உங்கள் மேலும் வரும்.

படகு பாதுகாப்பா? அந்த விபத்துக்கு அப்புறம் பயமா இருக்கு.

2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அந்த நாளை மறக்கவில்லை. இப்போது மிதவைச் சட்டை போடாமல் ஏற முடியாது. உட்கார்ந்ததும் அதன் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் சரிபாருங்கள். கரையில் யானை தெரிந்தாலும் இடத்தைவிட்டு எழுந்து எல்லோரும் ஒரே பக்கம் போகக் கூடாது.

கவிக்குப் போனா இதேதானா?

வேறு இடம், வேறு கதை. வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு வழியாகப் போக வேண்டும். நடத்துவது கேரள வன மேம்பாட்டுக் கழகம். அங்கே வழிகாட்டியாக வருகிறவர்கள் பலர் இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியை ஏலத்தோட்ட வேலைக்காகக் கவியில் குடியமர்த்தினார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஏலக்காட்டில் வளர்ந்த அவர்கள் தமிழைக் கேட்பதற்காகவே ஒருமுறை போகலாம். காட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

அணைப் பிரச்சினை வந்தா தமிழ்நாட்டு வண்டிக்குத் தொல்லை இருக்குமா?

2011 டிசம்பரில் இரண்டு பக்கமும் சூடாகி, குமுளி எல்லையில் போக்குவரத்தே நின்றது. சாதாரண நாளில் அப்படி எதுவும் இல்லை. குமுளிக்காரர்களுக்குக் கடைக்கு வருகிறவர்கள் கம்பம், தேனி ஆட்கள்தான். எங்களுக்கும் அங்கே சம்பந்தி உறவு உண்டு. இந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கித் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. அதனால் அந்தக் காட்டில் மரம் நிற்பது நம் வயலுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். வழிகாட்டியிடம் அணை அரசியல் பேசி வம்பிழுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நாங்க பொண்ணுங்க மட்டும் நாலு பேர். போகலாமா?

தாராளமாக. பதிவு செய்த குழுவோடு, மேலே சொன்ன மையம் வழியாகப் போகும்வரை பயமில்லை. இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள்: 2002 முதல் இங்கே வசந்தசேனை என்று பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. சுமார் நூறு பேர், முறை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்காமல் காட்டு ரோந்து போகத் தொடங்கியவர்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, சந்தனமரம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிற பெண்கள். வழியில் அவர்களைக் கண்டால் நின்று பேசுங்கள்.

இவ்வளவு பேர் உள்ள போனா காடு கெட்டுப்போகாதா? போகாம இருக்கிறதுதானே நல்லது?

நியாயமான கேள்வி, எனக்கும் இந்த உறுத்தல் உண்டு. எல்லோரும் கூட்டமாகப் போய் இரைச்சல் போட்டால் கெட்டுத்தான் போகும். ஆனால் ஒருவரும் போகாவிட்டால் அந்த 23 பேரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எதை வைத்துப் பிழைப்பார்கள்? பட்டைக்கு இன்றும் விலை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. பத்துப் பேர், ஐந்து பேர் என்ற கணக்கை வனத்துறை தளர்த்தாமல் வைத்திருக்கும்வரை நடையால் வரும் கெடுதல் ரொம்பக் குறைவு என்பது என் கருத்து.

மனசு ஒப்பவில்லையென்றால் தங்கும் பயணங்களை விட்டுவிடுங்கள். மூன்று மணி நேர நடை ஒன்றை மட்டும், கூட்டமில்லாத வார நாளில், காலை முதல் வேளையில் எடுங்கள். பனி விலகாத அந்த நேரத்தில் பாதையில் இருப்பது நீங்கள், வழிகாட்டி, முந்தின இரவு யானை போட்டுவிட்டுப் போன சாணம். அதில் ஆவி பறந்தால் கொஞ்சம் நின்று போகச் சொல்வார், நின்றுவிடுங்கள்.